நீர்யானைக்கு நடந்தவள்

ஜூன் 11, செவ்வாய்

செய்தி வாசிப்புத் தேர்வில் தோற்றுவிட்டேன். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. சிரித்துவிட்டேன், அவ்வளவுதான்.

தாளில் இருந்தது ஒரே வரி. "பிரதானக் குழாய் உடைந்ததால் நாளை குடிநீர் வராது." இதில் சிரிக்க என்ன இருக்கிறது? கேமராவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. "பிரதானக் குழாய்" என்றேன். குழாய் ஒன்று கோட்டு போட்டுக்கொண்டு தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலக் கண்ணில் தெரிந்தது. போச்சு. இரண்டாவது முறை "பிர" வரைக்கும் போனேன். மூன்றாவது முறை விளக்கு எரிந்தவுடனேயே. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டு, கேமரா பிடித்தவன் உட்கார்ந்தே போய்விட்டான்.

எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு ஊடகத் தொழிற்பிரிவில் சேர்ந்தால் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக் கற்க வேண்டும். செய்தி, கேமரா, அனிமேஷன், அச்சு, ஒலி. நான் இரண்டு வருடமாகக் கண்ணாடி முன்னால் செய்தி வாசித்துப் பழகியவள். கிடைத்தது ஒலி. மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

வீட்டில் சொல்லலாம் என்று வந்தால் அக்காவின் கதவு சாத்தியிருந்தது. கணக்காளர் தேர்வு செப்டம்பரில். அதுவரை எங்கள் வீட்டில் குக்கர் கூட அனுமதி கேட்டுத்தான் விசில் அடிக்க வேண்டும். அக்கா எதிலும் இதுவரை இரண்டாவது வந்ததில்லை. ஓட்டப்பந்தயம், ஓவியம், கையெழுத்து எல்லாவற்றிலும் முதல். அவள் சட்டை எனக்கு வரும், அவள் சைக்கிள் எனக்கு வந்தது, பரிசு மட்டும் வரவில்லை.

அம்மாவிடம் கிசுகிசுத்தேன். "சிரிச்சதுக்கா வேணாம்னுட்டாங்க?" என்று கேட்டு, அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எங்கிருந்து வந்தது இந்த வியாதி என்று இப்போது தெரிகிறது.

ஜூன் 12, புதன்

நேற்று எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன்.

ஒலி அறை முன்பு விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறை. சுவர் முழுக்கப் பழைய மெத்தை. கதவைச் சாத்தினால் காதில் பஞ்சு வைத்தது போல ஆகிவிடுகிறது. ஒலி மிஸ்ஸுக்கு எப்போதும் ஒரு கன்னத்தில் தொண்டை மிட்டாய். "கண்ண மூடிக்குங்க" என்றார். மூடினோம்.

காடு எரிந்தது. சத்தியமாக எரிந்தது, முகத்தில் சூடு கூடத் தெரிந்தது. கண்ணைத் திறந்தால் மிஸ் கையில் பிஸ்கட் பாக்கெட்டின் காகிதம். அதைக் கசக்கிக்கொண்டிருக்கிறார். மறுபடி மூடச் சொன்னார். யாருக்கோ எலும்பு முறிந்தது, நான் கத்திவிட்டேன். திறந்தால் பாதி கேரட் அவர் கையில், பாதி வாயில்.

"படம் எடுக்கும்போது மைக் பேச்சத்தான் ஒழுங்கா பிடிக்கும். மத்ததெல்லாம் அப்புறமா ஒருத்தர் உக்காந்து படத்தப் பாத்துப் பாத்துப் பண்றது. நடக்கறது, கதவு, தட்டு, முத்தம், எல்லாம். ஃபோலின்னு சொல்வாங்க."

"முத்தமுமா மிஸ்?"

"அவங்கவங்க முழங்கை மடிப்புல குடுத்துக்கறதுதான்."

அப்புறம் பத்து நிமிடத்துக்கு வகுப்பில் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்கவில்லை. எல்லோரும் முழங்கையை மடக்கிக்கொண்டு குனிந்திருந்தார்கள்.

இரண்டு வருடம் கண்ணாடி முன்னால் வீணாக நின்றிருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

வீடு முழுக்கச் சத்தம் ஒளிந்துகொண்டிருக்கிறது. இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை.

குடையை வேகமாக விரித்து மூடினால் பெரிய பறவை. ஈரமான தோல் செருப்பை முறுக்கினால் கப்பல். தரைத்தளத்தில் அம்மாவின் முடி வெட்டும் கடையில் கத்தரிக்கோல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். பழைய கத்தரிக்கோலை மெதுவாகத் திறந்தால் வாள் உருவுகிற சத்தம். நாற்காலியில் பாதி முடியோடு உட்கார்ந்திருந்த பெண்மணி ஒருவர், "எனக்குத்தான் வெட்டறீங்களா, இல்ல ரேடியோவுக்கா?" என்று கேட்டார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். அவர் மென்றுகொண்டே யோசித்து, "பழைய லிஃப்ட் கதவு சாத்தற சத்தம் வேணுமா? ஆஸ்பத்திரி லிஃப்ட்டு. அது மாதிரி கதவு இப்ப எங்கயும் கெடையாது" என்றார். ஒரு மனிதர் தன் மகளுக்கு நகைக்கடையைக் காட்டுகிற முகம்.

அக்கா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள். "வாய மூடுன்னா கையால பேசறியேடி."

ஜூலை 2, செவ்வாய்

பள்ளியில் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. கெக்கே. பதிவின் நடுவில் ஐந்து முறை சிரித்ததற்குக் கிடைத்த பட்டம். ஒலி மிஸ் கூட வருகைப் பதிவில் "கெக்கே வந்தாச்சா?" என்கிறார்.

ஜூலை 9, செவ்வாய்

ஜோடி பிரித்தார்கள். அனிமேஷன் மாணவர் ஒவ்வொருவரும் நான்கு நிமிடப் படம் செய்ய வேண்டும், ஒலிப்பிரிவில் ஒருவர் அதற்குச் சத்தம் சேர்க்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் பள்ளி அரங்கில் திரையிடுவார்கள். நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற பெரிய ஸ்டூடியோவிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அனிமேஷனுக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர் என்று பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்களாம். உண்மையான ஸ்டூடியோ. உண்மையான மைக். கேட்டதிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை.

எனக்குக் கிடைத்த ஜோடி, மௌனம் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிற பையன். முதல் நாள் பெயர் கேட்டபோது அடையாள அட்டையை எடுத்துக் காட்டியவன். பேசுவதற்கு யாராவது காசு வாங்குவார்கள் என்று நினைக்கிறானோ என்னவோ. ஆனால் அவன் படம் –

ஒரு நீர்யானை மாடிவீட்டுக்குக் குடிவருகிறது. கீழ்வீட்டுக்காரர்கள் நடுங்குகிறார்கள், கூரை எப்போது தலையில் விழுமோ என்று. நீர்யானைக்கும் அது தெரியும். அதனால் மெதுவாக நடக்கிறது. நுனிக்காலில் நடக்கிறது. தலையணை மேல் நடக்கிறது. ஒருநாள் மேலே சத்தமே இல்லை. கீழே எல்லோருக்கும் பயமாகிவிடுகிறது, ஏறிப்போய்ப் பார்க்கிறார்கள். அது அறையின் நடுவில் இரண்டு தலையணை மேல், அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து குதிக்கிறார்கள். கூரை விழுகிறது. படம் முடிகிறது.

பேச்சே இல்லாத படம். முழுக்க முழுக்கக் காலடி. நான் பார்த்துச் சிரித்து, கடைசியில் மறுபடி முதலிலிருந்து ஓட விட்டு, "நீயா யோசிச்ச?" என்று கேட்டேன். தலையை ஆட்டினான்.

ஜூலை 14, ஞாயிறு

நீர்யானை எப்படி நடக்கும்?

காலையிலிருந்து இதுதான். அக்கா நூலகத்துக்குப் போயிருந்ததால் கூடம் என் ராஜ்யம். முதலில் மெத்தை மேல் தர்பூசணியைப் போட்டேன். தர்பூசணி விழுகிற சத்தம்தான் வந்தது. அப்பாவின் வேலை பூட்ஸில் ஈரமணலைக் கட்டி இரண்டு கையாலும் தூக்கித் தூக்கி வைத்தேன். பரவாயில்லை. இன்னும் கனம் வேண்டுமென்று நாற்காலி மேல் ஏறிக் குதித்தேன்.

கதவு தட்டினார்கள். கீழ்வீட்டு அங்கிள். கண்ணாடிக்கு மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள்.

"மேல என்னம்மா, யானை வளக்கறீங்களா?"

"இல்ல அங்கிள், நீர்யானை."

வாய் தவறி வந்துவிட்டது. அதற்குப் பிறகு சிரிப்பை அடக்க முடியுமா? அவர் முகத்தைப் பார்த்து அடக்கப் பார்க்க, மூக்கு வழியாக வந்தது. அம்மா கடையிலிருந்து சீப்போடு ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கும் தொற்றிவிட்டது. பாவம் அங்கிள், ஒன்றும் புரியாமல் படியிறங்கிப் போனார்.

தர்பூசணியைச் சாயங்காலம் சாப்பிட்டோம்.

ஜூலை 15, திங்கள்

மௌனம் நேற்றுப் பதிவு செய்ததைக் கேட்டுவிட்டு இரண்டு வார்த்தை சொன்னான். "கோவமா இருக்கு."

நீர்யானை கோபமாக நடக்கிறதாம். அது கோபப்படுகிற பிராணி இல்லையாம். சரிதான். ஆனால் இவ்வளவு கனமான ஒன்று மெதுவாக நடந்தால் எப்படிச் சத்தம் வரும்? மெதுவாக வைத்தால் என் கால் பூனைக்கால் ஆகிவிடுகிறது. அழுத்தினால் தடியன். நடுவில் ஒன்று இருக்கிறது, எனக்கு வரமாட்டேன் என்கிறது.

ஜூலை 27, சனி

எழுதிவிட்டுத்தான் சாப்பாடு.

காலையில் மறுபடி முயற்சி. பூட்ஸுக்கு மேல் ஈரத்துண்டைச் சுற்றினால் சதைப்பற்றாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தேன். நடந்தேன், நடந்தேன். அக்காவின் கதவு படாரென்று திறந்தது.

"உனக்கு நடக்கவே தெரியாதா? சத்தம் வராம நடக்கறது அவ்ளோ கஷ்டமா?"

"நீ நடந்து காட்டேன்."

கோபத்தில் வந்தாள். பூட்ஸைப் பிடுங்கிக் காலில் மாட்டினாள். ஈரத்துண்டோடு. "இங்க பாரு. குதிகால் முதல்ல இல்ல. ஓரத்த வை. அப்புறம் மெதுவா முழுசா எறக்கு. எடுக்கும்போது தரைகிட்டக் கேட்டுட்டு எடு." கதவிலிருந்து ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள், கழற்றி வைத்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாற்காலிக்கு அடியில் மைக் ஓடிக்கொண்டே இருந்தது.

ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டேன். ஐயோ, அதேதான். வீட்டளவு கனம் ஒன்று, தன்னைத் தானே தூக்கிக்கொண்டு, யார் தூக்கமும் கலையக்கூடாதென்று நடக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடக்கிறது. கூடத்தில் நான் ஒற்றை ஆளாக ஆட்டம் போட்டேன், செருப்பில்லாமல், சத்தம் வராமல்.

ஜூலை 29, திங்கள்

மௌனம் அதை மூன்று முறை கேட்டான். "யாரு?"

"எங்கக்கா."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான்.

என்ன தெரிந்திருக்கிறது என்று கேட்டால் பென்சிலைச் சீவப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அக்காவைச் சம்மதிக்க வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. படிப்பு படிப்பு படிப்பு. கடைசியில் கணக்குப் பாஷையில் இறங்கினேன். "தெனமும் சாயங்காலம் அரைமணி நேரம். ஒனக்கு உடற்பயிற்சி, எனக்கு நீர்யானை. ரெண்டு பக்கமும் சமம்." உதட்டோரம் கொஞ்சம் நெளிந்தது. வந்துவிட்டாள்.

மடிக்கணினியில் படத்தை ஓட விட்டேன். நான் மைக்கோடு தரையில் குப்புறப் படுத்திருந்தேன். அவள் ஒரு தடவை பார்த்தாள். இரண்டாம் தடவையே நடந்தாள். திரையில் நீர்யானைக் கால் தரையைத் தொடுகிற அதே நொடி இவள் கால். பார்த்து வைக்கிறாளா, முன்னாலேயே தெரிந்து வைக்கிறாளா? தலையணை மேல் ஏறுகிற இடத்தில் ஒரு சின்னத் தயக்கம் வைத்தாள், பாதத்தின் பாதியில். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னொரு வாட்டி போடேன்" என்றாள். என் அக்கா. அரைமணி தாண்டி இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவளாகக் கவனிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கூரை விழுகிற காட்சி முடிந்தது. அம்மா, அப்பா, அக்கா, நான், நால்வரும் குதித்தோம். அதற்கு முன் அப்பா கீழே போய் அங்கிளிடம் முறையாக அனுமதி கேட்டார். அவர், "நாலு மணிக்கு நான் எப்படியும் வெளிய போறேன், அப்பக் குதிங்க" என்றாராம். நாலு மணிக்குப் பார்த்தால் போகவில்லை. வாசலில் வந்து நின்று, "அஞ்சு பேர் இருந்தா இன்னும் நல்லாருக்கும்ல?" என்றார். அவரும் குதித்தார்.

பதிவில் அப்பாவின் சிரிப்பு சேர்ந்துவிட்டது. அழிக்கச் சொல்லி மிஸ் சொன்னால் அழுவேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எங்கிருந்து ஆரம்பிப்பது.

அரங்கு நிறைந்திருந்தது. எங்கள் படம் ஐந்தாவது. முதல் காலடி வந்ததும் இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை நிறுத்தினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, ஆட்களைத்தான் பார்த்தேன். நீர்யானை நுனிக்காலில் போகும்போது முன்வரிசை ஆசிரியர் ஒருவர் தன் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். கூரை விழுந்ததும் கைதட்டல். அனிமேஷன் பசங்கள் மௌனத்தைத் தூக்கிவிட்டார்கள். மேலே இருந்துகொண்டு அவன், "எறக்கு, எறக்கு, எறக்கு" என்றான். ஒரே நாளில் மூன்று வார்த்தை.

பிறகு ஸ்டூடியோவிலிருந்து வந்த ஒலிப்பதிவாளர் அம்மா என்னை நோக்கி நேராக வந்தார். நரைமுடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். எனக்குக் காது அடைத்தது.

"ஒலி நீதான?"

"ஆமா மேடம்."

"நீர்யானைக்கு நடந்தது யாரு? நீயா?"

மூன்றாவது வரிசையில் அக்கா மடியில் வரிச்சட்டப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். காட்டினேன்.

அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு அக்காவிடம் போனார். பத்து நிமிடம் பேசினார். நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 31, சனி

ஒன்னும் எழுதத் தோணல.

செப்டம்பர் 2, திங்கள்

பயிற்சிக்கு அனிமேஷனில் மௌனம். ஒலியில் இந்த முறை யாரும் இல்லையாம். ஒலி மிஸ் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "ஒன் பதிவு நல்லாருக்குன்னாங்க. ஆனா அவங்களுக்கு இப்ப வேண்டியது நடக்கற ஆளு" என்றார். அக்காவைச் சனிக்கிழமைகளில் வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம். மாணவியாக இல்லை. வேலைக்கு.

எல்லாத்துலயும் இவளே. எல்லாத்துலயும். நான் குப்புறப் படுத்து, கேரட் கடிச்சு, தர்பூசணி போட்டு, ஊரெல்லாம் சத்தம் பொறுக்கி – இவ ரூமவிட்டு வெளிய வந்து நாலு அடி நடந்தா. நாலே அடி. அதுக்கும் பரிசா? ஓட்டப்பந்தயம்தான் முடிஞ்சுதே, இப்ப நடந்தாலுமா?

மௌனம் பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒருவனிடம்தான் இன்றைக்கு அது பொருத்தமாக இருந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

அக்கா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "நான் போகல. பரிச்சை இருக்கு. அது ஒன்னோடதுடி, நீ போ."

"அவங்க என்னக் கூப்பிடல."

"நான் சும்மா நடந்தேன் அவ்ளோதான்."

"அதான் எரியுது."

என் தலையணையின் பிரிந்த நூலை இழுத்தாள். பிறகு, "எனக்கு மட்டும் என்ன. நீ எதச் செஞ்சாலும் வீட்ல எல்லாரும் சிரிக்கறாங்க. அப்பா ஒன்னோட சேந்து குதிக்கறாரு. நான் செஞ்சா, 'நல்லது, அடுத்தது என்ன'ம்பாரு. அன்னிக்குத்தான் மொத மொதல்ல என்னோடயும் குதிச்சாரு" என்றாள்.

எழுந்து போய்விட்டாள். போகும்போது தரையில் ஒரு சத்தம் இல்லை. எப்போதும் அப்படித்தான் நடக்கிறாள் என்று இப்போதுதான் காதில் விழுகிறது. இருபத்திரண்டு வயது வரை, இந்த வீட்டில், யாருக்கும் தொந்தரவில்லாமல்.

மௌனம் சொன்னது அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். காது எனக்குத்தானே நல்ல காது என்று பெயர்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தப்பு செய்திருக்கிறேன். அல்லது இந்த வருடத்திலேயே சரியான காரியம் இதுதான். நாளைக்குத் தெரியும்.

அக்கா தேர்வு அறையில் இருந்தாள். அவள் கைபேசி வீட்டில். மணி அடித்தது. ஒலிப்பதிவாளர் அம்மா.

"சனிக்கிழமை வர்றதா இல்லையான்னு தெரியணுமே. இல்லேன்னா வேற ஆள் பாக்கணும்."

எனக்குள் ஒருத்தி, "அவளுக்கு விருப்பமில்லையாம் மேடம்" என்று சொல்லத் தயாராக இருந்தாள். பொய்யும் இல்லை அது. தொண்டை வரைக்கும் வந்தாள்.

"வருவா மேடம்" என்றேன். "நானே கூட்டிட்டு வரேன்."

செப்டம்பர் 11, புதன்

தெரிந்துவிட்டது. தலையணையால் அடி வாங்கினேன். "என்னக் கேக்காம எப்படிடி சொன்ன, என்னக் கேக்காம?" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை கேட்டாள். நான் சிரிக்க, அவள் இன்னும் அடிக்க, கடைசியில் அவளும் சிரித்துவிட்டுக் கட்டிலில் விழுந்தாள். தலையணை கிழிந்து அறை முழுக்கப் பஞ்சு.

அப்பா கதவருகில் நின்று பார்த்துவிட்டுப் பெருக்குமாற்றை எடுத்துக் கொடுத்தார். "பரிச்சை நாளையோட முடியுதில்ல? அப்புறம் போய்ட்டுத்தான் வாயேம்மா" என்றார் அக்காவிடம். அவள் அப்பாவையே பார்த்தாள்.

செப்டம்பர் 14, சனி

ஸ்டூடியோ. எழுத வேண்டியது ஒரு மூட்டை இருக்கிறது.

ஒரு அலமாரி முழுக்கச் செருப்பு. குதிகால் உயர்ந்தது, தேய்ந்தது, போலீஸ் பூட்ஸ், குழந்தை ஷூ. தரை கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறது: சரளைக்கல், மரப்பலகை, பளிங்கு, மணல், காய்ந்த இலை. ஒரு மூலையில் காருக்கு உடம்பில்லாமல் வெறும் கதவு மட்டும் நிற்கிறது. நான் அதைத் திறந்து மூடினேன். மறுபடி திறந்து மூடினேன். "போதும்மா" என்றார்கள்.

அக்காவுக்குக் கொடுத்தது சுலபமான காட்சி. வயதான பெண் ஒருத்தி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்து வருகிறாள். அக்கா நடந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் கேட்டோம். பளிங்கின் மேல் செருப்பு. அவ்வளவுதான். அந்தச் சத்தத்தில் யாரும் வரவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. ஒலிப்பதிவாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. எதிலும் இரண்டாவது வராதவள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஒரு சொட்டுக் கூட.

அப்போதுதான் பார்த்தேன். மைக் அவள் முகத்துக்கு நேராக ஒரு கம்பத்தில் நின்றது, பரிசளிப்பு விழா மாதிரி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். பரிசுக்கு நடக்கிறாள்.

"மேடம், மைக்க நான் கொஞ்சம் நகத்தலாமா?"

அவர் புருவத்தைத் தூக்கினார். வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே போய்க் கம்பத்தைச் சாய்த்து, அவளுக்குப் பின்னால், தரையோடு தரையாக வைத்தேன். அவள் காதருகில், "அந்தப் பாட்டியோட பொண்ணு உள்ள தூங்கிட்டிருக்கா. ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் தூங்கறா" என்றேன். அப்படி ஏதும் கதையில் இல்லை. நானாகச் சொன்னது.

வெளியே வந்து காதில் மாட்டினேன். அக்கா நடந்தாள்.

தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒருத்தி வந்தாள். முழங்கால் வலி இருந்தது அவளுக்கு. கையில் பை இருந்தது. கதவருகில் நின்றாள், உள்ளே போகலாமா என்று யோசித்தாள். பக்கத்தில் ஒலிப்பதிவாளர் அம்மாவின் விரல் மேசையில் தட்டுவதை நிறுத்தியிருந்தது.

அவர் பாராட்டவில்லை. "அடுத்த காட்சி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல், தன் பக்கத்து நாற்காலியைக் காலால் எனக்காக இழுத்துப் போட்டார்.

நாலு மணி வரை அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பேருந்தில் அக்கா ஜன்னலோரம். திடீரென்று, "ஏய், அந்தக் கார் கதவ நானும் ஒரு வாட்டி தெறந்து பாத்தேன்" என்றாள். இறங்கும் வரை சிரித்தோம். முன்சீட்டு ஆள் இடம் மாறி உட்கார்ந்தார்.

செப்டம்பர் 28, சனி

இன்று அக்கா நடந்தவை: ஒரு திருடன், ஒரு ஆசிரியை, நொண்டி நாய். நாய்க்கு நகம் வேண்டுமென்று கையுறையில் காகிதக் கவ்விகளை ஒட்டிக்கொண்டு நாலு காலில் போனாள். எந்தக் கணக்காளரும் இப்படிப் போயிருக்க மாட்டார். நான் சிரித்து ஒரு பதிவைக் கெடுத்தேன். ஒலிப்பதிவாளர் அம்மா, "வெளிய போய்ச் சிரிச்சுட்டு வா" என்றார். போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

ஒலி மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். ஸ்டூடியோவிலிருந்து கேட்டிருக்கிறார்கள், விடுமுறை முழுக்க என்னைப் பயிற்சிக்கு அனுப்ப முடியுமா என்று. "என்ன சொல்லட்டும்?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. மௌனம் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்குப் பதிலாக, "சரின்னு சொல்லுங்க மிஸ்" என்றான்.

நவம்பர் 8, வெள்ளி

அக்கா தேர்ச்சி. முதல் இடம் இல்லை. எத்தனாவது என்று அவள் பார்க்கவே இல்லை. நாளைக்கு ரயில் சண்டைக் காட்சி இருக்கிறது என்று பூட்ஸுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 20, புதன்

அம்மா எட்டு மணித் தொடர் பார்க்க உட்கார்ந்தாள். எந்தத் தொடருக்கு வேலை செய்கிறோம் என்று வெளியில் சொல்லக்கூடாது என்பது ஸ்டூடியோ விதி. அதனால் நானும் அக்காவும் பட்டாணி உரிப்பதில் மும்முரமாக இருந்தோம்.

திரையில் கதவு திறந்தது. அந்த மாமியார், மருமகளின் அறையை நோக்கி மரத்தரையில் நடந்து வந்தாள். டொக். டொக். டொக். அவசரமே இல்லாமல்.

"இவ நடையப் பாரு" என்றாள் அம்மா. "மூஞ்சியக் காட்டறதுக்கு முன்னாடியே எனக்கு அவள அறையணும்போல இருக்கு. திமிரு புடிச்சவ. நடக்கறதுலயே எவ்ளோ திமிரு."

அக்காவின் கையிலிருந்த பட்டாணி உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. அதை எடுக்கிற சாக்கில் குனிந்தவள் நிமிரவே இல்லை. முதுகு குலுங்கியது. நான் என் முழங்கை மடிப்பைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் காலால் தாளம் போடுவதை நிறுத்தியிருந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். அக்காவின் முதுகைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.